சமத்துவம் கூடினால் தனித்தன்மை குறையுமா? வாதம் எந்த வரியில் இடிக்கிறது?

வினாக்குறி:

நவீன அரசியல் தத்துவத்தில் சமத்துவத்துக்கும் தனித்தன்மைக்கும் இடையே உள்ள இழுபறி பற்றிய கட்டுரைக்காகக் கேட்கிறேன். வாதத்தின் எலும்புக்கூடு இதுதான்:

(1) மனிதர்கள் திறமை, விருப்பம், குணம் எல்லாவற்றிலும் வேறுபட்டவர்கள். (2) சமத்துவம் என்றால் அவர்களை ஒரே நிலையில் வைப்பது. (3) வேறுபட்டவர்களை ஒரே நிலையில் வைக்க வேண்டுமானால் வேறுபாட்டை அமுக்கியாக வேண்டும். (4) ஆகவே சமத்துவம் கூடக்கூடத் தனித்தன்மை குறையும்.

வாசிக்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் சமத்துவத்துக்காக வாதாடிய அமெரிக்கத் தத்துவவாதிகள் ரால்ஸும் டுவார்கினும் இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொள்கிறார்கள். தனித்தன்மையைத் தூக்கிப்பிடித்த 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி மில்தான் பெண்களின் சம உரிமைக்காகவும் எழுதினார். இத்தனை பேரும் இந்த முரணைக் கவனிக்காமலா விட்டிருப்பார்கள்? ஓட்டை எந்த வரியில் இருக்கிறது? அதை அடைத்த பிறகும் ஏதாவது முரண் மிஞ்சுமா? சொத்துரிமையை வலியுறுத்தி ரால்ஸை எதிர்த்த நோசிக்கின் கூடைப்பந்து எடுத்துக்காட்டை மட்டும் வைத்தே முரணை நிறுவிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது போதுமா?

நிழற்கோடு:

முதல் ஓட்டை இரண்டாவது வரியில். ஒரே நிலை என்கிறீர்கள், எதில்? வருமானத்திலா, நலத்திலா, வளங்களிலா, உரிமைகளிலா? பொருளியலாளர் அமர்த்தியா சென் 1979இல் ஸ்டான்ஃபர்டில் ஆற்றிய டானர் உரையின் தலைப்பே இந்தக் கேள்விதான். இரண்டு பேருக்கு ஒரே வருமானம், அதில் ஒருவருக்குச் சக்கர நாற்காலி தேவை என்று வையுங்கள். வருமானம் சமம், நடமாடும் வல்லமை சமமில்லை. வல்லமையைச் சமமாக்கினால் வருமானத்தில் ஒருவருக்குக் கூடுதல் போகும். மனிதர்கள் வேறுபட்டவர்கள் என்பதாலேயே ஓர் அளவுகோலில் சமம் வந்தால் இன்னொன்றில் ஏற்றத்தாழ்வு வரும். அதாவது நீங்கள் சமத்துவத்துக்கு எதிராக நிறுத்தும் முதல் வரிதான் சென்னுக்குத் தொடக்கப்புள்ளி. இன்னொன்றும் அவர் சொல்கிறார்: நோசிக்கும் சமத்துவம் கேட்கிறார், உரிமைகளில். சமத்துவவாதி, சமத்துவ எதிரி என்று ஆட்களை இரண்டு வரிசையில் நிறுத்துவது அங்கேயே கலைந்துவிடுகிறது.

இரண்டாவது ஓட்டை நான்காவது வரியில். தனித்தன்மை என்ற ஒரே பெயரில் மூன்று சங்கதிகளைக் கட்டிவைத்திருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் வாழ்வதற்கு ஒரே ஒரு வாழ்க்கை உள்ள தனி ஆள் என்பது ஒன்று. பிறரைப் போல் இல்லாமல் தனக்கென ஒரு போக்கோடு வளர்வது இரண்டாவது. தன் தேர்வுகளுக்குத் தானே பொறுப்பேற்பது மூன்றாவது. முதல் இரண்டையும் ஜெர்மன் சமூகவியலாளர் சிம்மல் 1917லேயே பிரித்துக் காட்டினார்: 18ஆம் நூற்றாண்டின் தனிமனிதன் எல்லாரிலும் பொதுவாக உள்ள மனிதன், 19ஆம் நூற்றாண்டின் தனிமனிதன் வேறு எவராலும் ஈடுசெய்ய முடியாதவன். முதல்வனுக்குச் சமத்துவம் உடன்பிறப்பு, அடுத்தவனுக்குத்தான் அது உறுத்துகிறது.

முதல் பொருளில் முரண் இருக்கிறதா என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1971 நூலில் ரால்ஸ், மொத்த நலனைப் பெருக்குவதே சரி என்னும் பயன்பாட்டுவாதத்தின் மீது வைத்த குற்றச்சாட்டு, அது மனிதர்கள் தனித்தனி ஆட்கள் என்பதைப் பொருட்படுத்துவதில்லை என்பது. ஒருவர் இழப்பை இன்னொருவர் ஆதாயத்தால் கழித்து மொத்தக் கணக்குப் பார்க்கக்கூடாது. மூன்றே ஆண்டில் நோசிக் அதே கத்தியை எடுத்து ரால்ஸ் பக்கம் திருப்பினார்: திறமைசாலியின் உழைப்பிலிருந்து எடுத்துப் பின்தங்கியவருக்குக் கொடுப்பதும் அதே தவறுதான் என்று. ஒரே முற்கோளிலிருந்து சமத்துவத்துக்கும் போகலாம், அதற்கு எதிராகவும் போகலாம் என்றால் அந்த முற்கோளில் முரண் இல்லை. இடையில் சொத்துரிமை பற்றி யார் எதைச் சேர்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

கூடைப்பந்துக்கு வருவோம். எல்லாரிடமும் உங்களுக்குப் பிடித்த பகிர்வின்படி பணம் இருக்கிறது. கூடைப்பந்து நட்சத்திரம் சேம்பர்லெய்ன் ஆட்டத்தைப் பார்க்க 10 லட்சம் பேர் வருகிறார்கள், ஒவ்வொரு டிக்கெட்டிலும் 25 சென்ட் அவருக்குப் போகிறது. பருவ முடிவில் அவர் கையில் 2,50,000 டாலர். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, பகிர்வு மட்டும் குலைந்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட பகிர்வு வடிவத்தை அப்படியே காப்பாற்ற நினைத்தால் மக்களின் தேர்வுகளில் ஓயாமல் தலையிட வேண்டிவரும் என்பதுவரை இது காட்டுகிறது. ஆனால் ரால்ஸின் விதிகள் சமூக நிறுவனங்களின் அடித்தளத்துக்கானவை, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் அல்ல. வரி விகிதம் முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும், அது தெரிந்தே சேம்பர்லெய்னும் ஒப்பந்தம் போடுகிறார், ரசிகரும் டிக்கெட் வாங்குகிறார். அதை ஓயாத தலையீடு என்பது மிகை. மேலும் இந்த எடுத்துக்காட்டு இரண்டாம் பொருளிலான தனித்தன்மை பற்றி வாயே திறப்பதில்லை. உங்களுக்குப் போதாது.

மூன்றாம் பொருளில்தான் நிஜமான வேலை நடந்திருக்கிறது. டுவார்கின் 1981இல் எழுதிய இரண்டு கட்டுரைகளைப் பாருங்கள். ஆளில்லாத் தீவில் கரையேறியவர்கள், எல்லார் கையிலும் சம எண்ணிக்கையில் கிளிஞ்சல்கள், தீவில் உள்ள வளங்கள் அத்தனையும் ஏலத்துக்கு. ஏலம் முடிந்ததும் எவரும் தன் மூட்டையைக் கொடுத்து இன்னொருவர் மூட்டையை வாங்க ஆசைப்படக் கூடாது. அதற்குப் பொறாமைச் சோதனை என்று பெயர். சமத்துவம் இங்கே தொடக்கக் கிளிஞ்சலில் இருக்கிறது, எதை வாங்குவது என்பது அவரவர் விருப்பம். உங்கள் மூன்றாவது வரி இங்கே செல்லாது, வேறுபாடு துளியும் அமுங்கவில்லை.

சிக்கல் அடுத்த படியில். திறமையும் ஒரு வளம்தானே, அதையும் ஏலத்தில் விட்டால்? ஆளுக்கு 100 கிளிஞ்சல் என்று வையுங்கள். நன்றாகப் பாடுகிறவருடைய ஒரு மணி நேரத்துக்கு ஊரார் 10 கிளிஞ்சல் தரத் தயார், திறமை எதுவும் இல்லாதவருடைய ஒரு மணி நேரத்துக்கு 1 கிளிஞ்சல். தன் நேரத்தைத் தானே வைத்துக்கொள்ள வேண்டுமானால் பாடகரும் அந்த விலையைக் கொடுத்தாக வேண்டும். 10 மணி நேரம் சும்மா உட்கார அவருக்கு 100 கிளிஞ்சலும் போய்விடும். மற்றவருக்கு 10 போக 90 மிஞ்சும். பாடப் பிடிக்காத பாடகர் வாழ்நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். டுவார்கின் இதற்கு வைத்த பெயர் திறமைசாலிகளின் அடிமைத்தனம். அதனால்தான் அவர் திறமையை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டு, கற்பனைக் காப்பீடு என்ற வழிக்குப் போகிறார்: தங்கள் திறமைக்குச் சந்தையில் என்ன விலை என்று தெரியாத நிலையில் மக்கள் எவ்வளவு காப்பீடு எடுத்திருப்பார்கள் என்று கணக்கிட்டு, அந்தப் பிரீமியத்தையே வரியாக வாங்குவது. நட்சத்திர வருமானத்துக்கு யாரும் காப்பீடு எடுக்கமாட்டார்கள். பிரீமியம் கட்டவே ஆயுள் போய்விடும். ஆகவே வரி ஓரளவில் நிற்கும்.

தர்க்கப்பிழை:

நிழற்கோடு சொன்னதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன், ஆனால் காப்பீட்டோடு பிரச்சினை தீர்ந்ததுபோல் முடித்திருப்பதை ஏற்கமுடியாது. ஒவ்வொருவரும் எவ்வளவு காப்பீடு எடுத்திருப்பார் என்று எந்த அரசாலும் அறியமுடியாது. டுவார்கினும் அதை ஒப்புக்கொண்டு சராசரியை எடுக்கிறார். துணிந்து இறங்குகிறவருக்கும், ஒவ்வொரு அடியும் பார்த்து வைக்கிறவருக்கும் ஒரே சராசரி மனநிலையின்படி வரி. அவரவர் லட்சியத்துக்கேற்ற பகிர்வு வேண்டும் என்று கிளம்பிய கோட்பாடு, கடைசியில் யாருடையதும் அல்லாத ஒரு சராசரி லட்சியத்தை எல்லார் தலையிலும் வைக்கிறது. கட்டுரைக்கு இது நல்ல பிடி.

மிஞ்சும் முரணைத் தெளிவாகக் காட்டியவர் மார்க்சியத் தத்துவவாதி ஜி.ஏ. கோஹன். ஒரு பெண்ணால் மருத்துவராகவும் முடியும், தோட்டக்காரராகவும் முடியும். அவருடைய விருப்ப வரிசை: அதிகச் சம்பளத்தில் மருத்துவம், அது கிடைக்காவிட்டால் சாதாரணச் சம்பளத்தில் தோட்டம், கடைசியாகச் சாதாரணச் சம்பளத்தில் மருத்துவம். ஊருக்கு மருத்துவர்தான் தேவை. இப்போது மூன்று வேண்டும்: சமச் சம்பளம், எல்லாருக்கும் பயன்படும் விளைவு, தொழிலைத் தானே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம்.

சமச் சம்பளமும் சுதந்திரமும் என்றால் அவர் தோட்டத்துக்குப் போவார், நோயாளிகள் காத்திருப்பார்கள். சுதந்திரமும் பயனும் என்றால் கூடுதல் பணம் கொடுக்கவேண்டும், சமத்துவம் போச்சு. சமத்துவமும் பயனும் என்றால் ஆணை போட்டு மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். ரால்ஸ் இரண்டாவது வழியை எடுக்கிறார்: கூடுதல் சம்பளம் மிகவும் பின்தங்கியவர்களின் நிலையை உயர்த்துமானால் அது நியாயமானது. கோஹன் விடவில்லை. அந்தக் கூடுதல் பணம் ஏன் தேவைப்படுகிறது? அந்த மருத்துவர் கேட்பதால்தான். நியாயத்தில் நம்பிக்கை உள்ளவர் ஏன் கேட்கிறார்? ஆகவே கோஹனின் விடை சட்டத்தில் இல்லை, மனப்பாங்கில் இருக்கிறது: சமத்துவ உணர்வு ஊறிய சமூகத்தில் அவரே மனமுவந்து சாதாரணச் சம்பளத்தில் மருத்துவம் பார்ப்பார்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று. மருத்துவ வேலை நிஜமாகவே அதிகத் தொல்லை பிடித்தது என்றால், அதற்கான கூடுதல் சம்பளத்தைக் கோஹன் ஏற்றத்தாழ்வாகவே கருதுவதில்லை; தொல்லைக்கு ஈடு, அவ்வளவுதான். சாதாரணச் சம்பளத்திலும் அந்த மருத்துவரின் வாழ்க்கை மற்றவர்களுடையதை விட மோசமாகாது என்ற நிலையில்தான் எடுத்துக்காட்டு வேலை செய்யும். ஓரளவு தன்னலம் பார்க்கவும் ஒவ்வொருவருக்கும் இடம் உண்டு என்றும் கோஹன் ஏற்கிறார். இந்த இரண்டு நிபந்தனைகளையும் எழுதாமல் விட்டால் திருத்துகிறவர் அங்கேயே கோடு போடுவார்.

என் பார்வையில் கோஹன் கட்டாயத்தைத் தவிர்த்தாரே தவிர முரணைத் தவிர்க்கவில்லை. போலீஸ் வராது, ஆனால் என் வாழ்க்கையை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வியில் பிறர் தேவை எப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

குடும்பத்தை வைத்தும் இதே மூன்றில் இரண்டு வடிவத்தைக் காட்டலாம். ஜேம்ஸ் ஃபிஷ்கின் 1983இல் செய்தார்: தகுதிக்கு வேலை, பிறப்பைப் பொறுத்து மாறாத வாழ்க்கை வாய்ப்பு, பிள்ளை வளர்ப்பில் பெற்றோருக்குச் சுதந்திரம். மூன்றும் சேர்ந்து நிற்காது.

பழையநூல்:

எல்லாரும் பகிர்வு பத்தியே பேசுறீங்க. கேள்வி கேட்டவரோட உள்ளுணர்வு அங்கேர்ந்து வரலைன்னு நினைக்கிறேன். ‘வேறுபாட்டை அமுக்குவது’ங்கிறது அமெரிக்க ஜனநாயகத்தைப் பத்தி எழுதின பிரெஞ்சுக்காரர் டோக்வில் பட்ட கவலை. அது காசைப் பத்தினதே இல்லை.

‘அமெரிக்காவில் ஜனநாயகம்’ நூலோட 1840ல வந்த இரண்டாம் தொகுதியில அவர் காட்டுற பொறிமுறை இது: அந்தஸ்து வரிசை உடைஞ்சதும் யாரும் யாருக்கும் மேல இல்லை. அதனால இன்னொரு தனி ஆள் சொல்றதை நம்ப யாருக்கும் காரணம் இல்லை. ஆனா எல்லாரும் சமம்னா பெரும்பான்மை சொல்றது தப்பா இருக்காதுங்கிற நினைப்பு வலுக்குது. ஒரு பிரபுவை எதிர்த்து நிக்கலாம், பெயரில்லாத கூட்டத்தை எதிர்த்து நிக்கிறது கஷ்டம். இன்னொரு பக்கம் ஒவ்வொருத்தரும் குடும்பம், நண்பர்கள்னு சின்ன வட்டத்துக்குள்ள ஒதுங்கிடுறாங்க. அதைத்தான் அவர் தனிமனிதவாதம்னு சொல்றார். மில் கொண்டாடுற தனித்தன்மைக்கு நேர் எதிர்! இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்பின கட்டுரைங்க ஏராளம், நீங்க அதுல சேராதீங்க.

மில் ‘சுதந்திரம் பற்றி’ங்கிற 1859 நூலோட மூணாவது அத்தியாயத்துல இதை எடுத்துக்கிட்டு, எல்லாரும் இப்ப ஒரே மாதிரி விஷயங்களைப் படிக்கிறாங்க, கேக்குறாங்க, பாக்குறாங்க, ஒரே இடங்களுக்குப் போறாங்கன்னு பட்டியல் போடுறார். தனித்தன்மைக்கு ரெண்டு வேணும்னு ஜெர்மன் சிந்தனையாளர் ஹம்போல்ட் கிட்டேர்ந்து எடுத்துக்குறார்: சுதந்திரம், பலவிதமான சூழ்நிலைகள். சமத்துவம் முதலாவதைக் கூட்டும், ரெண்டாவதைக் குறைக்கலாம். 1869ல பெண்கள் பத்தி எழுதினப்போ முதல் பாதியை வச்சுத்தான் வாதாடினார்: அடங்கியே வளர்க்கப்பட்டவங்களோட இயல்பு என்னன்னு யாருக்குமே தெரியாது, சமநிலை வந்தாத்தான் தெரியும். ஆக அவருக்கு ரெண்டும் பொருந்திப்போச்சு. முழுசா இல்லை. 1861ல படிச்சவங்களுக்குக் கூடுதல் ஓட்டு வேணும்னு கேட்டவரும் இதே மில்தான்.

உங்க நாலாவது வரியை டோக்வில் வழியாக் காப்பாத்தலாம். ஆனா அப்ப அது தர்க்க முடிவு இல்லை, சமூகம் எப்படி இயங்குதுங்கிற கூற்று. மாத்துவழியும் இருக்கு. அவரே உள்ளூர்த் தன்னாட்சி, சங்கங்கள், பத்திரிகை, ஜூரின்னு சொல்றார். மாத்துவழி இருக்கிற ஒண்ணை ‘ஆகவே’ போட்டு முடிக்க முடியாது.

வினாக்குறி:

மூவருக்கும் நன்றி. இரண்டாவது வரியை இப்படியே விட முடியாது என்று புரிகிறது. இரண்டு துணைக்கேள்விகள். மேலே இருப்பவரைக் கீழே இறக்கிச் சமமாக்குவது என்ற எதிர்ப்பு இதில் எங்கே பொருந்தும்? குழு அடையாளம் கேட்கும் சமத்துவம் தனித்தன்மைக்கு ஆதரவா, எதிரா?

மேசைவிளக்கு:

முதல் கேள்விக்குச் சுருக்கமாக. பாதிப் பேர் 100இல், பாதிப் பேர் 50இல் இருக்கும் சமூகத்தை எல்லாரும் 50இல் இருக்கும் சமூகமாக மாற்றினால் ஒருவருக்கும் நன்மை இல்லை. சமத்துவம் தன்னளவிலேயே நல்லது என்பவர், இந்த மாற்றம் ஏதோ ஒரு விதத்திலாவது மேல் என்று சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயத் தத்துவவாதி பார்ஃபிட் 1991 உரையில் இதைக் காட்டி, பின்தங்கியவருக்கு நன்மை செய்வதற்கு அதிக எடை உண்டு என்ற முன்னுரிமைப் பார்வையை வைத்தார். அதில் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடும் வேலையே இல்லை. எல்லாருக்கும் போதுமானது கிடைத்தால் சரி என்று ஃபிராங்க்ஃபர்ட் 1987இல் சொன்னதும் இதற்குப் பக்கத்து வீடு. உங்கள் மூன்றாவது வரியின் ‘அமுக்குவது’ தன்னளவில் நல்லது என்ற பார்வையை மட்டும் தொடும். மற்ற இரண்டும் தப்பிவிடும்.

குழுவுக்குப் போகுமுன், இதுவரை யாரும் தொடாத ஒன்று. அதிர்ஷ்டத்தால் வந்த குறையை ஈடுசெய்வதே சமத்துவம் என்ற சிந்தனைப் பள்ளியை அமெரிக்கத் தத்துவவாதி எலிசபெத் ஆண்டர்சன் 1999இல் கிழித்துப்போட்டார். அரசுச் சமத்துவ வாரியம் ஒன்று நஷ்டஈட்டுக் காசோலையோடு கடிதம் அனுப்புவதாகக் கற்பனை செய்கிறார்: உடல் குறையுள்ளவருக்கு ஒரு கடிதம், திறமையற்றவருக்கு ஒன்று, அழகில்லாதவருக்கு ஒன்று. உங்கள் பிறவிக் குறையால் உங்கள் வாழ்க்கை மற்றவர்களுடையதை விட மதிப்புக் குறைந்தது, வருந்துகிறோம், இந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்ற தொனியில். தொகை சரியாகத்தான் இருக்கும். பெறுபவர் கூனிக்குறுகிப் போவார். ஜொனதன் உல்ஃப் 1998இல் வேறொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார்: வேலை தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் உதவித்தொகை கேட்பவர், தனக்கு எந்த வேலையும் செய்யத் திறமை இல்லை என்று தானே நிரூபிக்க வேண்டும். நியாயத்தைத் துல்லியமாக அளக்கப் போனால் ஒவ்வொருவரின் உள்ளே இருப்பதையும் தோண்டிப்பார்க்க வேண்டிவருகிறது.

தனித்தன்மைக்கு இதைவிடக் கூர்மையான மோதல் இல்லை என்பது என் கருத்து. தேர்வையும் அதிர்ஷ்டத்தையும் பிரிப்பதே தனிமனிதப் பொறுப்பை மதிக்கத்தான் என்று ஆரம்பித்தார்கள். அதை நடைமுறையில் பிரிக்க, ஆளைத் துருவி விசாரிக்கும் ஓர் அதிகாரி தேவைப்படுகிறார். ஆண்டர்சன் அதனால்தான் அளவுகோலையே மாற்றுகிறார்: யாரும் யார் முன்னும் கைகட்டி நிற்காத உறவுதான் சமத்துவம். அங்கே வாழ்க்கைகளை மதிப்பிட வேண்டியதில்லை, அவை எவ்வளவு வேறுபட்டாலும் சரி.

குழு அடையாளத்தைப் பொறுத்தவரை, கனடியத் தத்துவவாதி டெய்லர் 1992இல் சொன்ன இரட்டையோடு தொடங்குங்கள்: எல்லாருக்கும் ஒரே கண்ணியம் என்ற அரசியல், ஒவ்வொருவரின் வேறுபாட்டுக்கும் அங்கீகாரம் என்ற அரசியல். பிறகு இன்னொரு கனடியரான கிம்லிக்கா 1995இல் வைத்த பிரிவைப் பயன்படுத்துங்கள். குழுவை வெளியாரிடமிருந்து காக்கும் உரிமையா, குழுவே தன் உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் உரிமையா? முதலாவது தனித்தன்மைக்குத் துணை நிற்கலாம். இரண்டாவது வகையைத் தாராளவாதி ஏற்கமுடியாது என்கிறார். ஒரே கோரிக்கை இரண்டாகவும் செயல்படும் என்பதுதான் தலைவலி: தனிப் பள்ளி கேட்கும் குழு, அதே பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குப் பாடத்தைக் குறைக்கலாம். பெண்ணியத் தத்துவவாதி சூசன் ஓக்கின் கைவைத்தது இங்கேதான்.

நிழற்கோடு:

சராசரி பற்றித் தர்க்கப்பிழை சொன்னது சரி. டுவார்கின் பக்கம் நின்று ஒன்று மட்டும்: எந்த வரியும் ஏதோ ஒரு பொது எண்ணில்தான் நிற்கவேண்டும். அதனால் அந்தக் குற்றச்சாட்டு அவருக்கு மட்டும் உரியதல்ல.

வாதத்தை மாற்றி எழுதுவதானால் இப்படிச் செய்து பாருங்கள். (1) பிறருக்குத் தேவைப்படும் திறமைகள் மனிதர்களிடம் சமமாக அமையவில்லை. (2) திறமையின் அதிர்ஷ்டத்தால் வரும் வருமான வேறுபாடு நியாயமற்றது. (3) பின்தங்கியவரின் நிலையைக் கெடுக்காமல் அந்த வேறுபாட்டை நீக்க வேண்டுமானால், திறமையுள்ளவர் கூடுதல் ஊதியம் இல்லாமலே அதிகப் பயன் தரும் வேலையைச் செய்யவேண்டும். (4) அதற்குக் கட்டாயம் தேவை, அல்லது அவர் மனமாற்றம் தேவை. (5) கட்டாயம் அவரை அவருடைய திறமைக்கே அடிமையாக்கும். மனமாற்றம் அவர் வாழ்க்கைத் திட்டத்தின் கடிவாளத்தைப் பிறர் கையில் கொடுக்கும்.

பழைய வாதத்தை விட இது ஒடுக்கமானது, ஆனால் நிற்கும். எதிர்வாதிகள் எந்த வரியில் வெட்டுவார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது: நோசிக் இரண்டாவதில், ரால்ஸ் மூன்றாவதில் அந்த ஊதியத்தை விட்டுவைத்து, கோஹன் ஐந்தாவதின் இரண்டாம் பாதியில். ஆண்டர்சன் இரண்டாவதையே கேள்வியாக ஏற்கமாட்டார். டோக்வில் பகுதியைத் தனி இயலாக வையுங்கள், இதனுள் நுழைக்கவேண்டாம். அங்கே காரண-விளைவு வாதம், இங்கே நெறி வாதம், சான்று கேட்கும் முறையே வேறு.

ரால்ஸின் 1971 நூலின் 17ஆம் பிரிவை எடுத்தாளும்போது கவனம். திறமைகளைப் பொதுச்சொத்து ஆக்கினார் என்று அவர் மேல் ஏற்றி எழுதுவது வழக்கமாகிவிட்டது. திறமைகள் மனிதர்களிடையே பரவியிருக்கும் விதத்தைப் பொதுச்சொத்தாகக் கருதலாம் என்பதுதான் அங்கே இருப்பது, 2001இல் வந்த நூலில் அதை அவரே விளக்கியும் விட்டார். உங்கள் குரல் உங்களுடையது. ஒருவர் பாடவும் ஒருவர் கருவி செய்யவும் முடிகிற ஏற்பாட்டிலிருந்து வரும் கூட்டு ஆதாயம்தான் எல்லாருக்கும் பொது. இதைத் தவறவிட்டு எழுதினால் ஐந்தாவது வரியில் அடிமைத்தனம் என்ற குற்றச்சாட்டு ரால்ஸ் மீதும் தானாகப் பாயும், அவர் தரப்பில் அதற்கு இடமே இல்லை.